கைப்பேசிச் செயலி ஆக்கமும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கைப்பேசிச் செயலிகளை ஆக்கும் முறை குறித்துப் பேசுமாறு எங்களைப் பணித்துள்ளார்கள். 'எங்களை' என்று பன்மையிற் கூறுவது பெருமை கருதி அன்று. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கணினி வகுப்பை நடத்திவரும் மூவரும் கூடி எழுதிய உரை இது. படிப்பவர் ஒருவர், எழுதியவர் மூவர்.

கைப்பேசி இன்று நம் வீடுகளில் இல்லாத பொருள் அன்று. பிள்ளையின் தேர்வு முடிவும், வங்கியிற் பணம் ஏறிய செய்தியும் அதன்வழியே வருகின்றன. நம் தாய்மார்கள் பலர் அறிந்த ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கூறுவோம். நூறு நாள் வேலைக்கு வந்தோரைச் செயலியின் வழியே, நாளொன்றுக்கு இருமுறை படம் பிடித்துப் பதிவு செய்தல் வேண்டும் என்று 2023 சனவரி முதல் மைய அரசு கட்டாயமாக்கிற்று. அலை கிட்டாத ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் படம் ஏறாமற்போய், உழைத்தவர்களின் கூலி விடுபட்டது என்னும் முறையீடுகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் எழுந்தன. அச்செயலியை எழுதியவர்கள் தீயவர்கள் என்று நாங்கள் கருதவில்லை. அவர்கள் வெயிலில் அவ்வேரிக்கரையில் நின்றவர்கள் அல்லர் என்பதே எங்கள் கருத்து. நின்ற ஒருவருடைய பிள்ளை அந்த அறையில் அமர்ந்து நிரல் எழுதியிருப்பின், 'அலை இல்லாவிடில் என் செய்வது?' என்னும் வினா முதல் நாளே எழுந்திருக்கும்.

இதுபற்றியே இவ்வகுப்பை நாங்கள் தொடங்கினோம். வேலைவாய்ப்பு இரண்டாவது காரணம், அதனையும் மறுக்கவில்லை. சிறுசேரியிலும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் எழும்பி நிற்கும் கட்டடங்களை நம் பிள்ளைகள் பேருந்துச் சன்னல் வழியே நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும் முதற் காரணம் பழையது. இம்மாவட்டத்து மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், 1893-ஆம் ஆண்டில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். நம் மக்களின் வழக்கைப் பிறர் எழுதட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே எழுதி அச்சிட்டு வழங்கினார். அச்சுத்தாளை வாசிப்பது வேறு, அச்சிடுவது வேறு என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார். செயலியைப் பயன்படுத்துவதற்கும் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடும் அத்தன்மையதே.

இனிப் பொருளுக்கு வருவோம். செயலி என்பது கைப்பேசிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பு. அக்கட்டளைகளை எழுதுவதற்கென வகுக்கப்பட்ட மொழிகள் உள்ளன. ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசிகளுக்கு முதலில் ஜாவா என்னும் மொழியில் எழுதினார்கள். 2017-இல் கோட்லின் என்னும் மொழியையும் கூகுள் நிறுவனம் ஏற்றுக்கொண்டு, 2019 முதல் அதற்கே முதலிடம் தந்தது. இரண்டும் தீவுகளின் பெயர்களே. ஒன்று கிழக்கே நம் முன்னோர் கலம் செலுத்திய கடலில் உள்ளது. மற்றொன்று உருசிய நாட்டில் பீட்டர்சுபர்க்கு நகருக்கு அருகே உள்ள சிறு தீவு. பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டா என்பதற்காக இதனைச் சொன்னோம்.

முற்காலத்தில் நிரல் எழுதுவோர் ஒரு கருவியில் எழுதுவர். வேறொரு கருவியிடம் கொடுத்து அதனைப் பொறி அறியும் வடிவிற்கு மாற்றுவர். பிழை நேரின் அதனைத் தாளில் குறித்துக்கொண்டு முதற் கருவிக்கு மீள்வர். 1983-இல் போர்லண்டு என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல் இவ்வேலைகளை ஒரே திரையிற் கொண்டுவந்தது. விலையும் ஐம்பது டாலருக்குட்பட்டதாதலின், பெரிய நிறுவனங்களில் இடம் பெறாத எளிய மாணவரும் அதனை வாங்கிப் பயன்கொண்டனர். இவ்வாறு எழுதுதல், மாற்றுதல், ஓட்டிப்பார்த்தல், பிழை தேடுதல் ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் அமைந்த ஏற்பாட்டையே 'ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல்' என்கின்றோம். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு முதலில் எக்லிப்ஸ் என்னும் சூழல் துணை நின்றது. 2013 மே திங்களில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அறிவிக்கப்பெற்று, 2014 டிசம்பரில் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. இதனை விலையின்றிப் பெறலாம்; விண்டோஸ், லினக்ஸ் ஆகிய எவ்வகைக் கணினியிலும் நிறுவலாம். ஐபோனுக்குரிய எக்ஸ்கோடு என்னும் சூழலோ ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியில் மட்டுமே இயங்கும். அக்கணினியின் விலையைக் கேட்டபின் எங்கள் வகுப்பில் ஐபோன் பற்றிய பேச்சு எழவே இல்லை.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். தகரக் கொட்டகையின்கீழ்க் கல், பக்கத்தில் வரிசையாக உளிகள், மழுங்கிய உளியைக் காய்ச்சித் தட்ட ஓர் உலை, அளவு பார்க்க நூல், யாவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். உளி மழுங்கும்தோறும் அதனை எடுத்துக்கொண்டு செங்கற்பட்டுக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தால் ஒரு விநாயகர் சிலை முடிய எத்தனை ஆண்டுகள் ஆகும்? உருவாக்கச் சூழல் என்பது அத்தகைய பட்டறையே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஐந்து இரதங்களும் ஒவ்வொன்றும் ஒரே பாறையில், மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. ஒரு வெட்டுத் தவறின் மீட்பில்லை. அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் கூறப்பெறும் பெரும் புடைப்புச் சிற்பத்தைப் போலவே மற்றொன்று அவ்வூரிலேயே முடிவுறாமல் கைவிடப்பட்டு நிற்பதைக் காணலாம். நிரலில் அவ்வச்சம் இல்லை. தவறாக வெட்டியதை ஒரு விசையில் மீட்கலாம். நேற்றைய வடிவையும் சென்ற திங்கள் வடிவையும் தனித்தனியே காத்து வைக்கலாம். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. 'கெட்டுப்போனால் யார் பணம் கொடுப்பது?' என்னும் அச்சத்திலேயே பொருள்களைத் தொடாமல் வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் திரையில் இடப்புறம் கோப்புகளின் வரிசை. நடுவே எழுதும் இடம். மேலே பச்சை முக்கோணம், அதனைச் சொடுக்கினால் செயலி ஓடும். கீழே 'லாக்கேட்' என்னும் நாட்குறிப்பு, ஓடும்போது நடப்பவை யாவும் அதில் வரிவரியாகப் பதியும். சொல்லொன்றின் முதலிரண்டு எழுத்துகளை இட்டவுடன் மிகுதியைத் தானே எடுத்துக் கொடுக்கும். பிழையாக எழுதின் சிவப்புக் கோடிடும். சில இடங்களில் சிறு மின்விளக்குக் குறி தோன்றும். அதனைச் சொடுக்கினால் திருத்தம் இன்னது என்றும் கூறும்.

இச்சிவப்புக் கோட்டைப்பற்றிச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம். தமிழ்வழிப் பள்ளியிற் பயின்ற மாணவர்கள் முதல் வகுப்பில் அக்கோட்டைக் கண்டதும் கையைப் பின்னிழுத்துக் கொண்டனர். சிவப்பு மை என்றால் அவர்கள் அறிந்தது ஒன்றுதான். பிழைச்செய்தியும் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் ஒரு பழைய கணக்குப் பேரேட்டை எடுத்து, வரும் பிழைச்செய்திகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதச் செய்தோம். நாற்பது சொற்களுக்குள் அடங்கிவிட்டது. ஆங்கில இலக்கியம் அறிய வேண்டியதில்லை, அந்நாற்பது போதும். 'அன்ரிசால்வ்டு ரெஃபரன்ஸ்' என்றொரு செய்தி அடிக்கடி வரும். பெயரொன்றை எழுத்துப்பிழையோடு எழுதினால் கோட்லின் அவ்வாறு கூறும். அதற்குப் பொருள் எழுதப் பேரேடு ஒரு மாணவியிடம் சென்றது. அவர் சற்று எண்ணிப்பார்த்து, "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னு சொல்லுது சார்" என்றார். அதையே எழுதி வைத்தோம். அகராதி தந்த பொருளைக் காட்டிலும் அது தெளிவாக இருந்தது.

நாங்கள் மூவரும் வியந்தது வேறொன்று. இச்சூழல் பிழையைச் சுட்டும்போது, உன் ஊர் எது, எந்தத் தெரு, அப்பன் யார் என்று வினவுவதில்லை. ஒரே பிழையை நூறு முறை செய்தாலும் நூறாவது முறையும் முதல் முறை சொன்ன அதே குரலில் சொல்கின்றது. வகுப்பறையில் பின்வரிசையில் அமர்த்தப்பட்ட அனுபவம் உடைய ஒரு பிள்ளைக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயின் கருவி நடுநிலையாக இருப்பதாலேயே அதனால் ஆவது யாவும் நடுநிலையாக அமையும் என்று எண்ணிவிடலாகாது. எங்கள் வகுப்பிலேயே நேர்ந்ததைக் கூறுவோம்.

பயிற்சிக்கென நாங்கள் தேர்ந்தது கல்வி உதவித்தொகைக்குரிய சிறு செயலி. பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட ஆதிதிராவிட மாணவர்க்குரிய உதவித்தொகைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு முதலியன வேண்டும். மைய அரசின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகள் வருமான உச்சவரம்பை ஆண்டுக்கு 2,50,000 ரூபாய் என வகுத்தன. எவ்வெச் சான்று கைக்கு வந்தது, எது இன்னும் வரவேண்டியது என்று காட்டும் பட்டியலே எங்கள் செயலி. விண்ணப்பம் அனுப்புவது அதன் வேலை அன்று.

முதலில் எழுத்துப்பிழைகள் வந்தன. சிவப்புக் கோடுகள் அவற்றைக் காட்டின. அடுத்து, எழுத்தில் யாதொரு பிழையுமின்றி ஓடத் தொடங்கிய செயலி திடீரென மூடிக்கொண்டது. லாக்கேட்டைப் படித்தபோது, 'நம்பர் ஃபார்மட் எக்செப்ஷன்' என்னும் செய்தியும் அது நேர்ந்த வரியின் எண்ணும் இருந்தன. வருமானம் என்னும் பெட்டியை வெறுமையாக விட்டுப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். வெறுமையை எண்ணாக மாற்ற இயலாமல் செயலி விழுந்தது. வரியின் ஓரத்தில் சொடுக்கிச் சிவப்புப் புள்ளி ஒன்றை இட்டால், ஓட்டம் அவ்விடத்தில் நிற்கும். அந்நேரத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன உள்ளது என்று பார்க்கலாம். அரைமணி நேரத்தில் பிழை திருந்தியது. மாணவர் மகிழ்ந்தனர், நாங்களும் மகிழ்ந்தோம்.

மூன்றாவது பிழையை எந்தக் கருவியும் காட்டவில்லை. அடுத்த ஞாயிறு செயலியை ஒவ்வொருவரும் தத்தம் விவரங்களை இட்டுப் பார்த்தனர். ஒரு மாணவி மட்டும் வெகுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தார். முன்னேறவில்லை. அருகிற் சென்று பார்த்தோம். 'தந்தை பெயர்' என்னும் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குச் செல்ல இயலாதவாறு நாங்களே அமைத்திருந்தோம். அவர் பாட்டியால் வளர்க்கப்பட்டவர். தந்தையின் பெயரை எழுத அவர்க்கு விருப்பமில்லை. எழுதாமற்போனால் எங்கள் செயலி அவரை விடவில்லை. பச்சை முக்கோணம் ஒழுங்காகவே எரிந்துகொண்டிருந்தது. லாக்கேட்டில் ஒரு சொல் இல்லை. கருவியின் கணக்கில் எல்லாம் சரி.

வெட்கத்தோடு இதனை ஒப்புக்கொள்கின்றோம். எந்த அலுவலகத்துப் படிவங்களைக் கண்டு ஆண்டுதோறும் நொந்தோமோ, அப்படிவத்தையே கண்மூடிப் பார்த்து எழுதியிருக்கின்றோம். சான்றுகளைச் சரிபார்க்கும் பட்டியலுக்குத் தந்தை பெயர் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. அம்மாணவியே அமர்ந்து அப்பெட்டியை நீக்கினார். நீக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை.

இத்தகைய மூன்றாம் வகைப் பிழைகளைக் காணும் கண் பட்டறையில் இல்லை, வாழ்ந்தவர்களிடமே உள்ளது. இதற்கு நம் கடற்கரையே சான்று தரும்.

சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், இதே சோழமண்டலக் கரையில் தெற்கே, புதுச்சேரிப் பகுதிச் சிற்றூர்களில் 1998-இல் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊரில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். தகவல் மையம் எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்து செல்லும் பொது இடத்தில் அமைதல் வேண்டும் என்று அந்நிறுவனம் வற்புறுத்திற்று. இதனை ஈண்டுக் குறிப்பிடக் காரணம், ஒலிபெருக்கியின் வாய் எத்திசை நோக்கி இருக்கின்றது என்பதைப் பொறுத்தே செய்தி எத்தெருவை எட்டும் என்பதும் அமையும். ஊரில் கட்டப்படும் ஒலிபெருக்கி குடியிருப்பின் பக்கம் திரும்பாத கதைகளை இந்த அவையில் உள்ள பெரியவர்கள் நிறையச் சொல்வார்கள்.

அந்நிறுவனமே 2007-இல் குவால்காம் நிறுவனத்தின் துணையோடு 'ஃபிஷர் ஃபிரண்டு' என்னும் செயலியைத் தொடங்கியது. அலை உயரம், காற்று, மீன் கிட்டும் பகுதி, சந்தை விலை ஆகியவற்றை அது மீனவரின் கைக்கே கொண்டுவந்தது. கடல் பற்றிய முன்னறிவிப்புகளை ஐதராபாத்தில் 1999-இல் நிறுவப்பெற்ற இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வழங்குகின்றது. பின்னர் ஆண்ட்ராய்டு வடிவும் பல மொழிகளும் வந்தன. பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் சேர்ந்தது.

எங்கள் இரண்டாம் அணியில் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் இருந்தனர். அவர்கள் பயிற்சிக்கென, நாளறிக்கையிலிருந்து அலை உயரத்தையும் காற்றுத் திசையையும் எடுத்துக் காட்டும் சிறு செயலி ஒன்றை எழுதினார்கள். மாமல்லபுரத்தை அடுத்த குப்பம் ஒன்றில், ஃபைபர் படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அதனைக் காட்டினோம். கைப்பேசியை வாங்கியவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்பதே காரணம். வெண்ணிறப் பின்புலத்தில் சாம்பல் எழுத்து அழகாக இருக்கும் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். கையைக் குவித்து நிழல் செய்து படித்தார். "வடகிழக்குன்னா என்ன தம்பி? வாடையா, கொண்டலா? அதைப் போட்டாத்தானே நாங்க கணக்குப் பண்ண முடியும்?" என்றார். அடுத்துக் கேட்டது இதனினும் நுட்பமானது: "கரையில நிக்கிறப்போ நான் வானத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். உள்ள போனப்புறம் இது பேசுமா?"

முதல் வினாவிற்கு உருவாக்கச் சூழலில் நல்ல விடை உண்டு. திரையில் தோன்றும் சொற்களை நிரலுக்குள் புதைத்து எழுதுதல் கூடாது. 'ஸ்ட்ரிங்ஸ்' என்னும் தனிக்கோப்பில் வைத்தல் வேண்டும். தமிழுக்கென ஓர் உறை அமைத்து அதில் அதே கோப்பைத் தமிழில் எழுதினால், கைப்பேசியின் மொழி தமிழாக இருக்கும்போது செயலியும் தமிழில் தோன்றும். அக்கோப்பில் 'வடகிழக்கு' என்றிருந்ததை மாணவர்கள் குப்பத்தில் கேட்டுக்கேட்டு மாற்றினார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்னும் சொற்கள் அவ்வாறு செயலிக்குள் புகுந்தன. காற்றுக்குரிய இத்தனை சொற்கள் நம் மொழியில் உயிரோடு இருக்கின்றன என்பதை எங்களில் இருவர் அன்றுதான் அறிந்தோம். தமிழை உள்ளிடுவதைப் பற்றி ஒரு சொல். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றபோது, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதுவதே அரிய செயல். இன்று அது எளிதாகிவிட்டதை நம் பிள்ளைகள் இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். நல்லதுதான்.

இரண்டாம் வினாவிற்கு எங்களிடம் விடை இல்லை. அது நாட்டையே உலுக்கிய வினா. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, எச்சரிக்கை வருமுன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்குச் செய்தி சேர்க்க வழியில்லாமற் போயிற்று. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி அலை எட்டுவதில்லை. இதன் பின்னரே, 2019 அக்டோபரில், 'ஜெமினி' என்னும் சிறு பெட்டி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை அப்பெட்டி வாங்கி, புளூடூத் வழியே படகில் உள்ள கைப்பேசிச் செயலிக்குத் தருகின்றது. ஆழ்கடலில் உள்ளவர்க்குச் செயலி மட்டும் போதாது, வேறு கருவியும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஆனால் எங்கள் மாணவர்களால் செய்யக்கூடியதும் ஒன்று இருந்தது. கரையை விட்டுப் புறப்படுமுன் அன்றைய அறிக்கையைக் கைப்பேசிக்குள்ளேயே சேமித்துக்கொள்வதும், அது எப்போது எடுத்த அறிக்கை என்பதைப் பெரிய எழுத்தில் காட்டுவதுமே அது. நேற்றைய அறிக்கையை இன்றையது என்று நம்பிச் செல்வது அறிக்கையே இல்லாமற் செல்வதினும் கொடிது. ஏரிக்கரையில் படம் ஏறாத செயலிக்கும் இதுவே மருந்து என்பதை மாணவர்களே கண்டு சொன்னார்கள்.

ஆக்கத் தெரிந்தவர்க்குக் காக்கவும் தெரியும். ஒவ்வொரு செயலியிலும் 'மேனிஃபெஸ்ட்' என்னும் கோப்பொன்று உண்டு. கைப்பேசியின் எவ்வெப் பகுதிகளைத் தொட அச்செயலி இசைவு கேட்கின்றது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். உடனடிக் கடன் தருவதாகக் கூறும் சில செயலிகள் தொடர்பு எண்களின் பட்டியலைப் படிக்க இசைவு பெற்று, தவணை தவறியவுடன் உற்றார் உறவினர் அனைவர்க்கும் இழிசொற்களை அனுப்பிய கொடுமையைச் செய்தித்தாள்களிற் படித்தோம். இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் இவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்து, தொடர்பு எண்களையும் படங்களையும் தொடலாகாது என்றது. மேனிஃபெஸ்ட் கோப்பைத் தன் கையால் எழுதிப்பார்த்த பிள்ளை, 'கடனுக்கு என் தொடர்பு எண்கள் எதற்கு?' என்று தாய்க்கு எடுத்துச் சொல்லும். எங்கள் மாணவர் ஒருவர் அவ்வாறு சொல்லித் தம் வீட்டில் ஒரு செயலியை நீக்கச் செய்தார்.

இனிப் பெற்றோர் கேட்கும் வினாவிற்கு வருவோம்: இதற்கெல்லாம் கணினி வேண்டாவா? வேண்டும், அதுவும் வலியது வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவிற்குக் குறைந்தது எட்டு ஜி.பி. நினைவகம் என்று கூறுகின்றனர். 'எமுலேட்டர்' என்னும் போலிக் கைப்பேசியையும் திரையில் ஓட்டின் அதுவும் போதாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் வீடுகளுக்கு வந்த கணினிகள் பல நன்மைகள் செய்தன. இவ்வேலைக்கு அவை மூச்சுத் திணறின. முதன்முறை செயலியைக் கட்டும்போது துணைக்கோப்புகளை இணையத்திலிருந்து இறக்குவதற்கே ஒரு பிள்ளையின் சில நாளைய இணைய அளவு தீர்ந்துவிடும். எமுலேட்டரைக் கைவிட்டு உண்மைக் கைப்பேசியையே கம்பியால் இணைத்தோம். கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் 'பில்டு நம்பர்' என்னும் வரியை ஏழு முறை தட்டினால், ஆக்குவோர்க்குரிய மறைவான பகுதி திறக்கும். ஏழு தட்டுக்குத் திறக்கும் கதவைச் சிறுவர்கள் மந்திரக் கதையைப் போல் வீடுதோறும் சென்று சொன்னார்கள். நல்லவேளையாகத் தீங்கு ஏதும் நேரவில்லை.

கணினியே வலிவற்றதாயின் வேறு வழியும் உண்டு. 'ஆப் இன்வென்டர்' என்பது கூகுள் நிறுவனத்தில் 2010-இல் வெளிவந்து, 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தால் நடத்தப்பெறும் சூழல். அதனைக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. இணைய உலாவியிலேயே திறக்கலாம். கட்டளைகளை எழுதுவதற்கு மாறாக, வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துதல் வேண்டும். பொருந்தாத கட்டை ஒட்டாது. எழுதியதைக் கைப்பேசியில் உடனே பார்க்கலாம். இதனை விளையாட்டு என்று இகழ்வோர் உளர். மும்பைத் தாராவியில் நடந்ததை அவர்கள் அறிதல் நன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. 'தாராவி டைரி' என்னும் கல்வி முயற்சியில் அங்குள்ள சிறுமியர், 2010-களின் நடுப்பகுதியில், இதே ஆப் இன்வென்டரைக் கொண்டு செயலிகள் ஆக்கினார்கள். பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையை வரிசைப்படுத்தி அறிவிப்பது ஒன்று. பெண்களுக்கு இடர் நேரும்போது ஒலியெழுப்பி, இருக்கும் இடத்தை உற்றவர்க்குச் செய்தியாக அனுப்புவது மற்றொன்று. குழாயடியில் குடத்தோடு நின்ற சிறுமியருக்கே அந்த முதற் செயலியின் தேவை தோன்றியது.

ஆக்கிய செயலியைக் கூகுளின் கடையில் வைக்க ஒருமுறைக் கட்டணம் இருபத்தைந்து டாலர். புதிதாகத் தனியாள் கணக்குத் தொடங்குவோர், வெளியிடுமுன் சிலரைக் கொண்டு பதினான்கு நாள் தொடர்ந்து சோதித்தல் வேண்டும் என்று 2023 இறுதியில் விதி வகுத்தனர். முதலில் இருபது பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் பன்னிரண்டாகக் குறைத்தனர். பெருநகரத்து இளைஞர் பலர்க்கு இவ்விதி தலைவலியாக இருப்பதாகக் கேள்விப்படுகின்றோம். நமக்கோ, ஒரே தெருவில் பன்னிரண்டு பேரைப் பிடிப்பது ஒரு வேலையா? எங்கள் பட்டியலில் இரு சத்துணவுப் பணியாளர்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், செங்கல் சூளையில் வேலை செய்யும் ஓர் அண்ணன், கல்லூரி மாணவியர் நால்வர், மேற்கூறிய மாணவியின் பாட்டி ஆகியோரும் உள்ளனர்.

அப்பாட்டிக்கு எழுத்து வாராது. அவர் பொருட்டு ஒவ்வொரு வரியின் அருகிலும் ஒலிபெருக்கிப் படம் ஒன்று வைத்தோம். தொட்டால் கைப்பேசி அவ்வரியைத் தமிழில் படித்துக் காட்டும். முதல் நாளே அவர் குறை ஒன்று கண்டுபிடித்தார். "அது ரொம்ப வேகமாப் பேசுதுடா கண்ணு. பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி சொல்லச் சொல்லு" என்றார். வேகத்தைக் குறைக்க ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும், மாற்றியாயிற்று. 'சமர்ப்பிக்கவும்' என்னும் நெடுஞ்சொல் சிறிய திரைகளில் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் அறுந்து நின்றது. அதனை 'அனுப்பு' என்று மாற்றியிருக்கின்றோம். பழைய கைப்பேசி ஒன்றில் இரண்டாம் பக்கத்திலிருந்து திரும்பி வந்தால், இட்ட குறிகள் மறைந்துவிடுகின்றன. இப்பிழை இன்னும் அகப்படவில்லை.

உரை இத்துடன் நிற்கின்றது. அடுத்த அறையில் நான்கு கணினிகள் வைக்கப்பட்டுள்ளன. மாணவியர் செயலியை உங்களுக்குக் காட்டக் காத்திருக்கின்றனர். உங்களிடம் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி இருப்பின், திரையில் கீறல் இருந்தாலும் குற்றமில்லை, அதனை எடுத்து வாருங்கள். குறிகள் மறையும் பிழை அதிலும் வருகின்றதா என்று பார்க்க வேண்டியுள்ளது.